சாட்டையா? கையா?

— பத்தாம் வகுப்பு மாணவி

ஒரு பிராணியை நம் சொற்படி நடக்கச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அச்சத்தின் வழி. மற்றொன்று நம்பிக்கையின் வழி. முதல் வழிக்கு ஒரு சாட்டை போதும். இரண்டாம் வழிக்குப் பொறுமையும் ஒரு ஜோடிக் கைகளும் வேண்டும். சாட்டை உடனே பலன் தருகிறது. கை மெல்லத்தான் பலன் தருகிறது. ஆனால் அதன் பலன் நெடுநாள் நிற்கிறது. குதிரையின் விஷயத்தில் இந்த உண்மையை நாம் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

‘திருவண்ணாமலையில் வாழும் நமக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?’ என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. கார்த்திகை தீபத் திருவிழாவின் எட்டாம் நாளில் சுவாமி குதிரை வாகனத்தில் வீதியுலா வருகிறார். அந்தத் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குக் குதிரைகளும் விற்பனைக்கு வருகின்றன. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் விழாவின்போது நடக்கும் குதிரைச் சந்தை தமிழகமெங்கும் புகழ் பெற்றது. ஜட்கா வண்டிகளின் காலம் போய்விட்டாலும், மாப்பிள்ளை ஊர்வலத்திற்கும் மற்ற ஊர்வலங்களுக்கும் குதிரையை வாடகைக்கு அமர்த்தும் வழக்கம் இன்னும் போகவில்லை. கிராமத்து ஐயனார் கோயில்களில் மண் குதிரை செய்து வைத்து, வண்ணம் தீட்டி, மாலை சூட்டி வணங்குகிறார்கள். மண் குதிரைக்கு மாலை. உயிர்க் குதிரைக்குச் சாட்டை! இது நியாயம்தானா?

தோல் அறியும் மொழி

குதிரை உருவத்தில் பெரியது. உள்ளத்தில் பயந்த பிராணி. காட்டிலும் புல்வெளியிலும் வாழ்ந்த அதன் முன்னோர்கள் சிங்கம், ஓநாய் முதலியவற்றுக்கு இரையாகாமல் தப்பியது ஓடித்தான். ஆகவே, முதலில் ஓடு, பிறகு யோசி என்பதே அதன் பிறவிக் குணம். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் அதற்குத் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகிலும், வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பது தெரியாது. அங்கிருந்து திடீரென்று ஒரு கை பட்டால் அது துள்ளுவதில் வியப்பில்லை.

அதன் தோலோ மிக நுட்பமானது. ஓர் ஈ உட்கார்ந்தால் போதும், உட்கார்ந்த அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டிவிடும். ஈயின் கால் படுவதை உணரும் தோலுக்குச் சாட்டை எப்படி இருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அதே போல, அன்பான ஒரு வருடல் எவ்வளவு இதமாக இருக்கும் என்பதையும் நாமே ஊகித்துக் கொள்ளலாம்.

இரண்டு குதிரைகள் நட்பாக இருந்தால் எதிரெதிராகத் தோளோடு தோள் நின்று, ஒன்றின் பிடரியடியை மற்றொன்று பற்களால் மெல்லக் கொறித்துச் சொறிந்துவிடும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடான இடம்தான் அவற்றுக்கு மிகவும் பிடித்தமானது. இதைக் கவனித்த ஆராய்ச்சியாளர்கள் இருவர் பிரான்சு நாட்டின் காமார்க் இனக் குதிரைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அந்த இடத்தை மனிதர் கையால் சொறிந்துவிட்டபோது குதிரையின் இதயத் துடிப்பு குறைந்தது. அவை விரும்பாத வேறிடத்தைச் சொறிந்தபோது அப்படிக் குறையவில்லை. இந்த ஆய்வு 1993இல் வெளியாயிற்று. ஓய்வாக இருக்கும் வளர்ந்த குதிரையின் இதயம் நிமிடத்திற்கு 28 முதல் 44 முறை துடிக்கும். பயந்தால் அது பன்மடங்கு ஏறும். ஏறிய துடிப்பை இறக்க ஒரு கையே போதும் என்றால், அந்தக் கையை ஏன் நாம் பயன்படுத்தக் கூடாது?

இங்கே நம் தமிழில் ஒரு சிறிய வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ‘தட்டிக் கொடுத்தல்’ என்றும் ‘தடவிக் கொடுத்தல்’ என்றும் நாம் சொல்கிறோம். நன்றாக ஓடிய குதிரையின் கழுத்தில் ‘பட், பட்’ என்று தட்டிக் கொடுப்பது பலருடைய வழக்கம். ஆனால் குதிரைகள் தமக்குள் ஒன்றையொன்று தட்டிக் கொள்வதில்லை. சொறிந்தும் உரசியும்தான் கொள்கின்றன. நமக்குப் பாராட்டாகத் தோன்றும் தட்டல் அதற்கு அடியாகவே தோன்றலாம். தடவிக் கொடுப்பதே அதற்குப் புரிகிற பாராட்டு.

பெரியோர் அறிந்திருந்தனர்

இது இன்று நேற்று வந்த புதுக் கொள்கை அன்று. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் வாழ்ந்த செனொபோன் என்னும் படைத்தலைவர் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். ரோமம் அடர்ந்த இடங்களையும், குதிரை தானே எட்டிச் சொறிந்து கொள்ள முடியாத இடங்களையும் தொட்டுத் தடவிப் பழக்க வேண்டும் என்று அவர் அதில் கூறியிருக்கிறார். போரையே தொழிலாகக் கொண்டவர் சொன்ன அறிவுரை இது.

நம் மகாபாரதத்திலும் ஓர் அரிய காட்சி உண்டு. பதினான்காம் நாள் போரில் அருச்சுனனின் குதிரைகள் அம்புபட்டுக் களைத்துப் போகின்றன. எதிரிகள் சூழ்ந்து நிற்கும் அந்த வேளையில், தேரோட்டியான கண்ணன் குதிரைகளை அவிழ்த்து, அம்புகளைத் தன் கையாலேயே பிடுங்கி, உடம்பைத் தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டிய பிறகே மறுபடியும் தேரில் பூட்டுகிறான். சூரியன் மறைவதற்குள் முடிக்க வேண்டிய சபதம் ஒன்று அருச்சுனனுக்கு இருந்த நாள் அது! அத்தனை அவசரத்திலும் குதிரையைத் தேய்த்துவிட நேரம் இருந்தது. நமக்குத்தான் நேரம் இல்லை.

கை அறியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டு வரலாறே சாட்சி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல் கடந்து வரவழைத்தார் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் நூறு கூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு அவர் கூறும் காரணம், குதிரையைப் பராமரிக்கத் தெரியாமையே. பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கத் தெரிந்தது. வாங்கிய குதிரையைப் பேணத் தெரியவில்லை. பாண்டிய மன்னனுக்காகக் குதிரை வாங்கச் சென்றவர் என்று புராணம் கூறும் மாணிக்கவாசகர், திருவெம்பாவையைப் பாடியது நம் ஊரில்தான் என்பர். கிரிவலப் பாதையில் அவருக்குக் கோயிலும் இருக்கிறது. குதிரையோடு நம் ஊருக்குள்ள உறவு அத்தனை பழையது.

நமக்கு அருகிலுள்ள செஞ்சியை எடுத்துக் கொள்ளுங்கள். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு இளம் வயதிலேயே மாண்ட தேசிங்கு ராஜன், யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கினான் என்று நாட்டுப்புறக் கதை சொல்கிறது. ‘அடக்கினான்’ என்ற சொல்லில் நமக்கு ஒரு பெருமை. ஆனால் அடக்கப்பட்ட குதிரை சமயம் பார்த்துக் காத்திருக்கும். பழக்கப்பட்ட குதிரையோ நம் குரலுக்காகக் காத்திருக்கும். ஆகவே, ‘அடக்குதல்’ என்பதை விட்டுப் ‘பழக்குதல்’ என்று சொல்லக் கற்றுக் கொள்வோமாக.

நம் நாளிலும் இதற்கென்றே உழைத்தவர்கள் உண்டு. கனடா நாட்டில் பிறந்த லிண்டா டெல்லிங்டன்-ஜோன்ஸ் என்னும் அம்மையார், மனித உடலின் வலியையும் இறுக்கத்தையும் மெல்லிய அசைவுகளால் தளர்த்தும் முறையை மோஷே பெல்டன்கிரைஸ் என்பவரிடம் 1970களில் கற்றார். அதையே குதிரைகளிடமும் கையாண்டு பார்த்தார். விரல் நுனிகளால் தோலை மெல்ல ஒரு வட்டமும் கால் வட்டமும் நகர்த்தி விடுவது அவருடைய முறையில் முதன்மையானது. முரட்டுக் குதிரை என்று பெயர் வாங்கியவற்றில் பல, உண்மையில் வலியாலோ பயத்தாலோ இறுகிப் போனவை என்பது அவருடைய கருத்து.

தொடும் முறை

தொடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பின்புறமாகவோ நேர் முன்னாலிருந்தோ போகக் கூடாது. தோள் பக்கமாக, அது பார்க்கும்படி, மெல்லப் பேசிக் கொண்டே நெருங்க வேண்டும். முதலில் புறங்கையை நீட்டி அதை முகர விட வேண்டும். பிறகு தோளில் உள்ளங்கை முழுவதும் படும்படி வைத்து, ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே நீவ வேண்டும். அங்கிருந்து பிடரியடிக்குச் சென்று விரல்களால் வட்டமிட்டுத் தேய்க்கலாம். வயிற்றுப் பக்கமும் விலாவும் கூச்சமுள்ள இடங்கள். பழகாத கை அங்கே போகலாகாது. அவசரமாகத் தேய்ப்பதிலும் பயனில்லை. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடும் நம் பாட்டிமார்களின் கைதான் இதற்குச் சரியான உதாரணம்.

கை பிடித்திருக்கிறதா என்பதைக் குதிரையே சொல்லிவிடும். தலை மெல்லத் தாழும், கண் பாதி மூடும், கீழுதடு தொங்கும், பெருமூச்சு விடும், சில சமயம் மேலுதட்டை நீட்டி நெளிக்கும். பிடிக்காவிட்டால் காதுகளைப் பின்னால் மடக்கும், வாலைச் சுழற்றும், விலகி நிற்கும். அப்போது நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவதும் அன்பில் சேர்ந்ததுதான். ‘என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியும், சொன்னால் இவர் கேட்பார்’ என்று தெரிந்த பிறகுதான் எந்த உயிரும் நம்மை நம்புகிறது.

சென்ற ஆண்டு நாங்கள் சிலர் தெருவோரம் நின்று ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தைப் பார்த்தோம். பேண்டு வாத்தியம் காதைத் துளைத்தது. யாரோ குதிரையின் காலடியிலேயே சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். குதிரை முன்கால்களைத் தூக்கி நின்றது. மாப்பிள்ளை கடிவாளத்தை இறுகப் பிடித்தார். உடன் வந்த இளைஞர் சாட்டையை ஓங்கினார். குதிரை இன்னும் மிரண்டது. அப்போது குதிரைக்காரப் பெரியவர் ஒருவர், “அடிக்காதே தம்பி, நீ தள்ளு” என்று சொல்லி அதன் தோளருகே சென்றார். ஏதோ முணுமுணுத்தபடி கழுத்தடியில் கையை வைத்துத் தேய்த்தார். பேண்டுக்காரர்களிடம் வாசிப்பை நிறுத்தும்படி கையைக் காட்டினார். சில நிமிடங்களில் குதிரையின் தலை தாழ்ந்தது. மாப்பிள்ளையும் பத்திரமாக இறங்கினார். சாட்டையால் ஆகாத காரியம் கையால் ஆயிற்று. அந்தப் பெரியவர் எந்தப் புத்தகமும் படித்திருக்க மாட்டார். ஆனால் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் கருவி வைத்துக் கண்டுபிடித்த இடத்திலேதான் அவர் கையும் இருந்தது!

மறுப்பவர்களுக்கு எங்கள் பதில்

“மனிதனுக்கே கால் பிடித்துவிட ஆள் இல்லை, குதிரைக்கு மாலீசா?” என்று கேலி செய்வார்கள். குதிரையை வைத்துப் பிழைப்பவர் ஏழை. அவருக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் தடவிக் கொடுக்கப் பணம் வேண்டாம். வேலை முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகையும் தோளையும் பத்து நிமிடம் தேய்த்துவிட்டால், எங்கே வீங்கியிருக்கிறது, எங்கே சூடாக இருக்கிறது, எங்கே தோல் உரிந்திருக்கிறது என்பதைக் கையே கண்டுபிடித்துவிடும். நாளைக்குப் பெரிய செலவாகப் போகும் புண் இன்றைக்கே தெரிந்துவிடும். அது அவருக்கும் இலாபம்தானே?

“அடித்தால்தான் நகரும்” என்பது இன்னொரு வாதம். மறைக்கல்வி வகுப்பில் பிலயாமின் கழுதையைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். வழியில் நின்ற வானதூதரைக் கழுதை கண்டது, எசமானர் காணவில்லை. மூன்று முறை அது விலகியது; மூன்று முறையும் அடி வாங்கியது. கடைசியில் அது வாய் திறந்து, தான் செய்த குற்றம் என்னவென்று கேட்டது. நிற்கிற பிராணிக்கு நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கும். லாடத்தில் கல் இருக்கலாம், கடிவாளம் வாயைக் கிழித்திருக்கலாம், தாகமாக இருக்கலாம். நம் தெருக் குதிரைகளுக்கு வாய் திறந்து கேட்கும் வரம் கிடைக்கவில்லை. கேட்க முடியாதவற்றிடம் நாமே சென்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். தடவல் மருந்தாகாது. புண், வீக்கம், நொண்டல் இருந்தால் தேய்க்கவே கூடாது. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கொள்ளும் புல்லும் தண்ணீரும் நிழலும் கொடுக்காமல் வெறுமனே தடவிக் கொடுப்பது ஏமாற்று வேலை. பட்டினி போட்டுவிட்டுக் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினால் எந்தக் குழந்தை சிரிக்கும்?

சாட்டை யார் கையில்?

சாட்டை குதிரைக்காரரின் கையில் இருக்கிறது. அவசரமோ நம்மிடம் இருக்கிறது. “சீக்கிரம் ஓட்டுப்பா” என்பவர் யார்? வாடகைக்கு அமர்த்திவிட்டு உச்சி வெயிலில் மண்டப வாசலில் மணிக்கணக்காகக் காக்க வைப்பவர் யார்? காலடியில் வெடி கொளுத்துபவர் யார்? எல்லாம் நாம்தான். ஆதலால் குதிரைக்காரரை மட்டும் ஏசுவது அறமாகாது.

நம் தமிழகத்தில் வாழ்ந்த ஒரு பெண்மணி இதற்கு வழிகாட்டியிருக்கிறார். கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது எடுத்த முயற்சியின் பயனாகவே 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன் கீழ் 1965இல் வந்த விதிகள், வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் பிராணிகளை ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்கலாகாது. முள் வைத்த கடிவாளமும் கூடாது. நம் ஊர்க் கோடை வெயிலை நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் அருமை விளங்கும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, தீபத்தை ஒட்டி நடக்கும் சந்தையில் குதிரைகளுக்கு நிழலும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். கால்நடை மருத்துவர் ஒருவரும், குதிரையை நீவிவிடத் தெரிந்த முதிய குதிரைக்காரர் ஒருவரும் அங்கே அமர்ந்து இளைஞர்களுக்குக் கற்றுத் தர வேண்டும். அந்தப் பெரியவர்களோடு அந்தக் கலை அழிந்துவிடக் கூடாது.

இரண்டாவது, பெற்றோர்களுக்கு. வீட்டு விசேஷத்திற்குக் குதிரையை அமர்த்தும்போது வாடகையோடு ஓய்வு நேரத்தையும் பேசி முடிவு செய்யுங்கள். குதிரையின் அருகில் வெடி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பந்தியில் எல்லோரும் உண்ணும்போது வாசலில் நிற்கும் அந்த வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாளித் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தோழியரே, நமக்கு. சந்தையில் வரிசையாகக் கட்டியிருக்கும் குதிரைகளைக் கண்டால் கூச்சலிட்டு ஓடுவதும், வாலைப் பிடித்து இழுப்பதும், கல் எறிவதும் வேண்டாம். தம்பி தங்கையருக்கும் சொல்லிக் கொடுப்போம். உரிமையாளரின் அனுமதியின்றி எந்தக் குதிரையையும் தொட வேண்டாம். அனுமதி கிடைத்தால் தோள் பக்கமாகச் சென்று மெல்லத் தொடுவோம்.

தொடுதலின் பெருமையை நம் ஊர் அறியாததன்று. ரமணாசிரமத்தில் வளர்ந்த லட்சுமி என்னும் பசு 1948ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் உயிர் பிரியும் தறுவாயில் இருந்தபோது, ரமண மகரிஷி அதன் அருகில் அமர்ந்து தலையிலும் நெஞ்சிலும் கை வைத்திருந்தார் என்று அங்கிருந்தோர் எழுதியிருக்கின்றனர். அதன் சமாதியை இன்றும் அங்கே காணலாம். சாகும் பசுவுக்கு ஒரு கை துணையாக இருந்த ஊரில், நமக்காக உழைக்கும் குதிரைக்கு ஒரு கை கிடைக்காமல் போகலாமா?

இறைவன் மனிதனுக்குக் கை கொடுத்தது பிடுங்கவும் அடிக்கவும் மட்டுமன்று. கொடுக்கவும் தடவவும் தான். சாட்டையைச் செய்ய ஒரு தோல் வேண்டும். அடிக்க இன்னொரு தோல் வேண்டும். அன்பைக் காட்டவோ நம் கையே போதும். அதைக் கற்றுக்கொள்ளும் வயது நமக்கு இதுதான்.